நிறம் போனால் சாயம் போயிற்றா? செயற்கைச் சாயங்களின் உயிர்வழிச் சிதைவை மதிப்பிட்ட வரலாறு

முன்னுரை

ஒருவருடைய பொய் வேடம் வெளிப்பட்டுவிட்டால் ‘சாயம் வெளுத்துவிட்டது’ என்று சொல்வது தமிழ் வழக்கு. நிறம் நீங்கினால் உள்ளிருக்கும் உண்மை தெரிந்துவிடும் என்னும் நம்பிக்கை இவ்வழக்கின் அடியில் இருக்கிறது. கடந்த 170 ஆண்டுகளில் ஆலைகளில் உருவான செயற்கைச் சாயங்களைப் பொறுத்தவரை இந்நம்பிக்கை முழுமையாகப் பொருந்துவதில்லை. நிறமிழந்த நீரில் சாயத்தின் முறிந்த கூறுகள் கண்ணுக்குப் புலப்படாமல் தங்கியிருக்கக்கூடும். அக்கூறுகள் சில வேளைகளில் முழுச் சாயத்தைக் காட்டிலும் தீங்கு மிகுந்தவை.

ஆற்றிலும் மண்ணிலும் சேர்ந்த ஒரு சாயத்தை நுண்ணுயிர்கள் சிதைத்துவிட்டன என்று கூறுவதற்கு எது சான்று? இவ்வினாவுக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் கூறப்பட்டன. முதலில் கண்ணால் காணும் நிறமே சான்றாயிற்று. பின்னர் மூல மூலக்கூறு மறைந்தமை சான்றாகக் கொள்ளப்பட்டது. அதன்பின், மூலக்கூறிலுள்ள கார்பன் இறுதியில் கார்பன் டைஆக்சைடாகவும் உயிர்ப்பொருளாகவும் மாறியதா என்பது கேட்கப்பட்டது. இம்மூன்று படிகளின் வரலாற்றைக் கூறுவதும், அவ்வரலாற்றின் துணைகொண்டு நொய்யலாற்றின் அனுபவத்தை மறுபடியும் நோக்குவதும், அதிலிருந்து தமிழ்க் கலைச்சொல்லாக்கத்துக்கு எழும் கடமையைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

வெளுக்காத நிறத்தைத் தேடி

1856ஆம் ஆண்டில், 18 வயதினரான வில்லியம் ஹென்றி பெர்க்கின் இலண்டனில் குயினைன் மருந்தைச் செயற்கையாக உருவாக்க முயன்றபோது, எதிர்பாராத வகையில் ஊதா நிறப் பொருளொன்றைப் பெற்றார். ‘மாவ்’ என்று பெயர்பெற்ற அச்சாயத்தின் மூலப்பொருள் நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த அனிலீன். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1858இல், பீட்டர் கிரீஸ் டைஅசோச் சேர்மங்களைக் கண்டறிந்தார். இரு நைட்ரசன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் இணைந்த ‘அசோ’ தொகுதியைக் கொண்ட சாயக் குடும்பம் இக்கண்டுபிடிப்பிலிருந்து பெருகியது. இன்று புழக்கத்திலுள்ள செயற்கைச் சாயங்களில் பாதிக்கும் மேற்பட்டவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை.

1884இல் பால் பாட்டிகர் உருவாக்கிய காங்கோ சிவப்பு, நிறம் பற்றவைக்கும் உலோக உப்பு இன்றியே பருத்தியில் நேரடியாக ஏறியது. 1901இல் ரெனே போன் கண்டறிந்த இண்டாந்திரீன் நீலம், ஒளிக்கும் சலவைக்கும் ஈடுகொடுப்பதில் புதிய அளவை நிறுவியது. 1954இல் ராட்டீ, ஸ்டீபன் ஆகிய இருவர் இங்கிலாந்தில் கண்டறிந்த வினைபுரி சாயங்கள் பருத்தி இழையின் செல்லுலோசுடன் வேதிப் பிணைப்பையே ஏற்படுத்திக்கொண்டன. அவை 1956இல், பெர்க்கினின் கண்டுபிடிப்பு நிகழ்ந்து சரியாக நூறாண்டு கழிந்து, சந்தைக்கு வந்தன.

இந்நூறாண்டுக் கால முயற்சியை ஒரு தொடரில் கூறினால், வெயில், வியர்வை, சோப்பு, வெளுப்பான் ஆகியவற்றுக்கு அசையாத மூலக்கூறைத் தேடிய முயற்சி எனலாம். இத்தேட்டத்தில் சுற்றுச்சூழல் பற்றிய வினா மறைந்து கிடந்தது. ஆக்சிசனேற்றத்தையும் ஒளியையும் தாங்கும் மூலக்கூறு, அதே காரணத்தால் நுண்ணுயிர்களின் நொதிகளுக்கும் எளிதில் இரையாவதில்லை. சாயத்தை நீரில் கரையச் செய்வதற்காகச் சேர்க்கப்பட்ட சல்போனிக் அமிலத் தொகுதிகள், அது பாக்டீரியாவின் உயிரணுச் சவ்வைக் கடந்து உட்புகுவதையும் தடுத்தன. வணிகர் போற்றிய ‘சாயம் போகாத’ தன்மையும், சூழலியலாளர் அஞ்சும் ‘சிதையாத’ தன்மையும் ஒரே பண்பின் இரண்டு பெயர்கள் என்று கூறுவது மிகையாகாது.

இயற்கை, செயற்கை என்னும் கோடு

சாயத்தின் தீங்கைப் பற்றிப் பேசும்போது, இயற்கைச் சாயம் மட்கும், செயற்கைச் சாயம் மட்காது என்று ஒரு கோடு கிழிப்பது பலரது வழக்கம். வரலாறு இக்கோட்டை உறுதிப்படுத்தவில்லை. சோழமண்டலக் கரையின் சிவப்புத் துணிகளுக்கு நிறம் தந்தது சாயவேர். ஈழத்தின் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளில் அவ்வேரைத் தோண்டும் உரிமையை ஒல்லாந்தர் ஆட்சி தன் வருவாய்க்கு உரியதாகக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. சாயவேரிலுள்ள முதன்மையான நிறப்பொருள்களில் ஒன்று அலிசரின். கிரேபே, லீபர்மான் ஆகிய செருமானியர் 1868இல் ஆய்வகத்தில் உருவாக்கியதும் இதே அலிசரினே. தென்னார்க்காடு, கடப்பை முதலிய பகுதிகளில் அவுரியிலிருந்து எடுக்கப்பட்ட நீலமும், செருமனியில் 1897 முதல் ஆலையில் செய்து விற்கப்பட்ட நீலமும் ஒரே மூலக்கூறுதான். செடியிலிருந்து வந்ததா, நிலக்கரித் தாரிலிருந்து வந்ததா என்பதை நுண்ணுயிர் அறியாது. மூலக்கூறின் அமைப்பை மட்டுமே அது எதிர்கொள்கிறது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அலிசரின், இண்டிகோ போன்றவை உயிருலகம் நெடுங்காலமாகக் கையாண்டு பழகியவை அல்லது அவற்றை ஒத்தவை. சல்போனேற்றம் பெற்ற அசோ சாயங்களோ இயற்கையில் ஏறத்தாழ இல்லாதவை. எனவே அவற்றைச் சிதைப்பதற்குரிய நொதிகள் பரவலாக உருவாகவில்லை. சிதைவுறுதிறனை மதிப்பிடுவோர் கேட்கவேண்டியது இப்பழக்கத்தைப் பற்றிய வினாவாகும்.

தீங்கின் முதற் சான்றுகள்

சாயத்தொழிலின் கழிவு நீரைக் கெடுக்கும் என்னும் செய்தி மிக முன்னரே தெரிந்திருந்தது. 1860களின் முற்பகுதியில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அனிலீன் சாய ஆலையொன்றின் அருகில் கிணற்று நீரைப் பருகியவர்கள் நோயுற்றனர். நகர வேதியியலாளர் பிரெடரிக் கோப்பல்சுரோடர் ஆராய்ந்து, நீரில் ஆர்சனிக் கலந்திருப்பதைக் காட்டினார். மசெண்டா என்னும் சிவப்புச் சாயத்தைத் தயாரிக்க அக்காலத்தில் ஆர்சனிக் அமிலம் பயன்பட்டது. இந்நிகழ்வில் நஞ்சாக அறியப்பட்டது தயாரிப்பில் எஞ்சிய உலோகப்போலி. சாய மூலக்கூறு அன்று குற்றஞ்சாட்டப்படவில்லை.

1895இல் பிராங்க்பர்ட் நகர அறுவை மருத்துவர் லுட்விக் ரென், சாய ஆலைத் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைக் கட்டிகள் தோன்றுவதை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொணர்ந்தார். பிற்கால ஆய்வுகள் பென்சிடின், 2-நாப்தைலமீன் ஆகிய அரோமாட்டிக் அமீன்களைக் காரணமாகக் காட்டின. காங்கோ சிவப்பு உள்ளிட்ட பல சாயங்கள் பென்சிடினை அடிப்படையாகக் கொண்டவை.

சாயம் உயிருடலில் முறியக்கூடும் என்னும் அறிவு மருத்துவத்தின் வழியாக வந்தது. கெர்ஹார்ட் டோமாக் 1935இல் அறிவித்த புரோன்டோசில் ஒரு சிவப்பு அசோ சாயம். எலிகளின் பாக்டீரியாத் தொற்றைக் குணப்படுத்திய அது, ஆய்வுக் குழாயில் அதே பாக்டீரியாவை எதுவும் செய்யவில்லை. பாரிசின் பாஸ்தர் நிறுவன ஆய்வாளர்கள் அதே ஆண்டில் புதிரை அவிழ்த்தனர். உடலினுள் அசோ பிணைப்பு முறிந்து, நிறமற்ற சல்பனிலமைடு வெளிப்படுகிறது. மருந்தாகச் செயற்படுவது அதுவே. நிறமுள்ள முழுப்பொருளைவிட நிறமற்ற துண்டு ஆற்றல் மிக்கதாக இருக்கலாம் என்னும் படிப்பினை இதில் அடங்கியிருந்தது. மருந்தில் நன்மையாக வந்த அப்படிப்பினை, பென்சிடின் சாயங்களில் அச்சமாகத் திரும்பியது. குடலிலும் சேற்றிலும் வாழும் பாக்டீரியா அச்சாயங்களை முறித்தால் வெளிப்படுவது புற்றுநோயை உண்டாக்கும் பென்சிடின் அன்றோ?

நுரையிலிருந்து பிறந்த அளவுகோல்

உயிர்வழிச் சிதைவை முறைப்படி அளக்கும் தேவை சாயங்களால் எழவில்லை. சலவைத் தூள்களால் எழுந்தது. 1950களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் செயற்கைச் சலவைப் பொருள்களின் நுரை மலைபோல் திரண்டது. கிளைத்த கார்பன் சங்கிலியைக் கொண்டிருந்த அப்பொருள்களைப் பாக்டீரியா எளிதில் சிதைக்க இயலவில்லை. மேற்கு செருமனி 1961இல் சட்டம் இயற்றி, 1964 முதல் குறிப்பிட்ட அளவு சிதையும் பொருள்களை மட்டுமே அனுமதித்தது. நேர்ச்சங்கிலி கொண்ட மாற்றுப்பொருள்கள் வந்தன, நுரையும் அடங்கிற்று.

இவ்வெற்றி ஒரு குறையையும் விட்டுச்சென்றது. நுரை மறைந்ததே சிதைவுக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. நுரைக்கும் தன்மையை இழக்க மூலக்கூறின் ஒரு பகுதி மாறினாற் போதும். எஞ்சிய பகுதி என்னவாயிற்று என்பது வேறு வினா. இதனால் ‘முதனிலைச் சிதைவு’, ‘முற்றுச் சிதைவு’ என்னும் பாகுபாடு வேண்டியதாயிற்று. மூலக்கூறு தன் அடையாளப் பண்பை இழப்பது முன்னது. கார்பன் முழுவதும் கனிமநிலைக்கும் உயிர்ப்பொருளுக்கும் மாறுவது பின்னது.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 1981இல் வெளியிட்டு 1992இல் திருத்திய 301 வரிசைத் தேர்வுகள் இரண்டாவதையே அளக்கின்றன. சிறிதளவு நுண்ணுயிர்களுடன் சோதனைப் பொருளை 28 நாள்கள் வைத்திருக்க வேண்டும். கரைந்துள்ள கரிமக் கார்பனில் 70 விழுக்காடு நீங்கவேண்டும். அல்லது கோட்பாட்டளவிலான ஆக்சிசன் தேவையில் அல்லது கார்பன் டைஆக்சைடு வெளியீட்டில் 60 விழுக்காட்டை எட்டவேண்டும். சிதைவு தொடங்கிய 10 நாள்களுக்குள் இவ்வளவை அடையும் பொருளே ‘உடன் சிதையும்’ பொருள் எனப்படும். 302 வரிசையிலுள்ள சான்-வெல்லென்ஸ் தேர்வு மிகுதியான கசடுடன் நடத்தப்படுவது. சிதையும் இயல்பு சிறிதேனும் உண்டா என்பதை அது காட்டும்.

சாயங்கள் தேர்வுக்கு வந்தபோது

சாய உற்பத்தியாளர்கள் 1974இல் பாசல் நகரில் சூழலியல், நச்சியல் ஆய்வுக்கெனத் தங்களுக்குரிய சங்கமொன்றை நிறுவினர். அச்சங்கத்தைச் சார்ந்த ஆய்வுத் தொடரில், பாகாவும் பிரௌனும் 1986இல் வெளியிட்ட கட்டுரை 87 சாயங்களை ஆக்சிசன் உள்ள சூழலில் தேர்வுக்கு உட்படுத்தியது. குறுகிய கால ஆக்சிசன்வழித் தேர்வுகளில் சாயங்கள் குறிப்பிடத்தக்க அளவில் சிதைவது அரிது என்பது அதன் முடிவு. பல சாயங்களில் நீரின் நிறம் குறைந்தது உண்மையே. ஆனால் அதற்குப் பெரும்பாலும் காரணம் பரப்புக்கவர்ச்சி. சாயம் சிதையவில்லை, கசட்டின் மேல் ஒட்டிக்கொண்டு நீரைவிட்டு இடம்பெயர்ந்திருந்தது.

1991இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இதனை மேலும் தெளிவாக்கியது. கிளர்வூட்டிய கசட்டு முறையில் நீரில் கரையும் 18 அசோ சாயங்களை அவர்கள் சோதித்தனர். 11 சாயங்கள் ஏறத்தாழ மாற்றமின்றி வெளியேறின. 4 சாயங்கள் கசட்டில் ஒட்டிக்கொண்டன. 3 மட்டுமே சிதைந்தனவாகத் தோன்றின. நகராட்சிக் கழிவுநீருக்கென உருவாக்கப்பட்ட சுத்திகரிப்பு நிலையத்தில் சாயநீரை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்னும் எண்ணத்தை இவ்வெண்கள் அசைத்தன.

ஆக்சிசன் இல்லாத சூழலில் நிலைமை வேறு. அங்கு பாக்டீரியா அசோ பிணைப்புக்கு எலக்ட்ரான்களை அளித்து அதனை முறிக்கின்றன. நிறம் விரைவில் போய்விடுகிறது. ஆக்சிசன் இருந்தால் அது எலக்ட்ரான்களைத் தான் பெற்றுக்கொள்வதால் சாயம் தப்பிவிடுகிறது. எனினும் நிறம் போன நீரில் அரோமாட்டிக் அமீன்கள் தங்குகின்றன. அவற்றுள் பல, ஆக்சிசனற்ற சூழலில் மேலும் சிதைவதில்லை. அவற்றின் சிதைவுக்கு ஆக்சிசன் தேவை. 1991இல் ஹாக், குனாக்முஸ் முதலிய செருமானிய ஆய்வாளர்கள், சல்போனேற்றம் பெற்ற அசோ சாயமொன்றை முதலில் ஆக்சிசனற்ற நிலையிலும் பின்னர் ஆக்சிசன் உள்ள நிலையிலும் வைத்து, தகுந்த பாக்டீரியாக் கூட்டத்தால் அதனை முற்றாகச் சிதைக்க இயலும் என்று காட்டினர். இருநிலைச் சுத்திகரிப்பு என்னும் கருத்துக்கு இது வலுச்சேர்த்தது. மரத்தின் லிக்னினைச் சிதைக்கும் வெள்ளழுகல் பூஞ்சைகள் பல அசோ சாயங்களையும் சிதைக்கின்றன என்று 1990இல் வெளியான ஆய்வு மற்றொரு வழியைத் திறந்தது.

முறிந்தபின் எஞ்சுவது எது என்னும் வினாவைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. செருமனி 1994இல், தீங்கான அமீன்களை வெளியிடக்கூடிய அசோ சாயங்களை மேனியில் படும் பொருள்களில் தடை செய்தது. இந்தியா 1997இல் அத்தகைய சாயங்கள் பலவற்றுக்குத் தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் பொது நெறியை வகுத்தது. எனினும் இச்சட்டங்கள் முதன்மையாக ஆடை அணிபவரைக் காத்தன. ஆற்றங்கரையில் வாழ்பவர் அவற்றின் நோக்கெல்லைக்குள் வரவில்லை.

நொய்யல்: எதை அளந்தோம்?

மேற்கூறிய வரலாற்றின் எல்லாக் கூறுகளும் ஒரே ஆற்றில் கூடிய இடம் நொய்யல். காஞ்சிமாநதி என்னும் பழம்பெயர் கொண்ட இவ்வாறு வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கிறது. திருப்பூரில் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதி வளர்ந்தபோது, பருத்திக்கு ஏற்ற வினைபுரி சாயங்களும் பெருகின. இச்சாயங்கள் முழுவதும் இழையில் பிடிப்பதில்லை. வகைக்கேற்ப, நூற்றுக்குப் பத்து முதல் நாற்பது பங்கு வரை நீருடன் வினைபுரிந்து கழிவில் தங்கிவிடும். சாயத்தை இழைக்குள் தள்ளுவதற்காகத் தோய்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 30 முதல் 100 கிராம் வரை உப்பும் இடப்படுகிறது.

திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஈரோடு, கரூர் மாவட்டங்களில் சுமார் 20,000 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் அளிப்பது அதன் நோக்கம். சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவின் தேக்கமாயிற்று. தங்கள் நிலத்தைக் காக்கக் கட்டப்பட்ட அணையின் நீரை வேண்டாம் என்று மறுக்கும் நிலைக்கு உழவர்கள் தள்ளப்பட்டனர். ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். சென்னை உயர் நீதிமன்றம் 2006இல், கழிவுநீர் சிறிதும் வெளியேறாத நிலையை எட்டவேண்டும் என்று ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2009இல் அதனை உறுதிசெய்தது. ஆணை நிறைவேறாத நிலையில், 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உழவர்க்கும் தொழிலாளர்க்கும் ஒருசேர அது கடினமான காலமாக அமைந்தது.

இவ்வழக்கில் அளவுகோலாக முன்னின்றவை இரண்டு. மக்கள் கண்ணால் கண்டது ஆற்றின் நிறம். ஆவணங்கள் அளந்தவற்றுள் முதன்மையானது கரைந்த மொத்தத் திண்மங்கள். அதன் வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம். இரண்டும் இன்றியமையாதவை. நிலத்தைக் கெடுத்ததில் உப்பின் பங்கு பெரிது. உப்பை எந்த நுண்ணுயிரும் சிதைக்க இயலாது. ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வினாவொன்று போதிய கவனம் பெறாமல் நின்றது. கழிவில் கலந்த சாய மூலக்கூறுகள் எங்கே போயின? அணையின் அடிச்சேறு போன்ற ஆக்சிசனற்ற இடம் அசோ பிணைப்பு முறிவதற்கு ஏற்றது. அங்கு நிறம் குறைந்திருந்தால், அதைச் சிதைவு என்று கொள்வதா, அமீன்களின் தோற்றம் என்று கொள்வதா? நிறத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

கழிவுநீர் வெளியேற்றமில்லா முறையும் இவ்வினாவை நீக்கிவிடவில்லை, இடம் மாற்றியது. எதிர்ச் சவ்வூடுபரவலும் ஆவியாக்கலும் நீரை மீட்டெடுக்கின்றன. சாயமும் உப்பும் கசடாகவும் திண்மமாகவும் திரள்கின்றன. ஆற்றில் கேட்கப்பட்ட வினாவை இன்று கசடு அடுக்கிவைக்கப்பட்ட கொட்டகைகளில் கேட்கவேண்டியுள்ளது.

சொல்லும் பொருளும்

தமிழர் வீடுகளின் வாயிலில் இன்று இரண்டு தொட்டிகள் உள்ளன: மக்கும் குப்பை, மக்காத குப்பை. வாழையிலைக்கும் நெகிழிப் பைக்கும் இப்பாகுபாடு போதும். சாயத்துக்கு இது போதாது. சாயம் தொடர்பான அறிக்கையோ பாடநூலோ ‘மக்கும்’ என்ற ஒற்றைச் சொல்லை ஆளுமானால், நான்கு வேறு நிகழ்வுகள் ஒன்றாகக் குழம்பிவிடும். அவற்றைப் பின்வருமாறு பிரித்து வழங்கலாம் என்று இக்கட்டுரை பரிந்துரைக்கிறது.

முதலாவது, நிறநீக்கம்: நீர் நிறமிழப்பது, காரணம் எதுவாகவும் இருக்கலாம். இரண்டாவது, ஒட்டிப் பெயர்தல்: சாயம் சிதையாமல் கசட்டின் பரப்பில் ஒட்டி நீரைவிட்டு அகல்வது. மூன்றாவது, முதனிலைச் சிதைவு: மூல மூலக்கூறு முறிந்து வேறு பொருள்களாவது. நான்காவது, முற்றுச் சிதைவு: கார்பன் முழுவதும் கனிமநிலையையும் உயிர்ப்பொருளையும் அடைவது. சுத்திகரிப்பு நிலையமொன்று ‘90 விழுக்காடு நீக்கம்’ என்று கூறுமானால், இந்நான்கனுள் எது என்று ஊரார் தம் மொழியிலேயே கேட்க முடியவேண்டும். சொல் இல்லாத இடத்தில் வினாவும் எழுவதில்லை.

முடிவுரை

செயற்கைச் சாயங்களின் சிதைவுறுதிறனை மதிப்பிட்ட வரலாறு, ‘போய்விட்டது’ என்னும் சொல்லின் பொருள் படிப்படியாகக் கடுமையான வரலாறாகும். நுரை மறைந்தது போதும் என்று எண்ணிய காலம், கார்பனின் கணக்கைக் கேட்கும் காலமாக மாறியது. துணியில் நிலைத்து நிற்பதற்காக வடிவமைக்கப்பட்ட பொருள் ஆற்றிலும் நிலைத்து நின்றது. முறிந்தபோது சில வேளைகளில் மேலும் கொடியதாயிற்று. பெர்க்கின் தொடங்கிய தொழில் தன் சாயங்களை 28 நாள் தேர்வுக்கு உட்படுத்த ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று.

நொய்யலின் உழவர்கள் நீதிமன்றத்தில் வென்றனர். அவர்கள் நிலம் இன்னும் முழுமையாக மீளவில்லை. இனி ஓர் ஆறு தெளிந்துவிட்டது என்று அறிவிக்கப்படும்போது, நிறம் போயிற்றா என்பதோடு நில்லாமல், சாயம் என்னவாயிற்று என்றும் கேட்கும் நிலை உருவாகவேண்டும். அவ்வினாவைத் தெளிவாகக் கேட்பதற்குரிய சொற்களை ஆக்கித் தருவது தமிழாய்வின் பணிகளுள் ஒன்று.